ஒற்றை இழை

சமையலறைக் கடிகாரத்தின் பெண்டுலத்தைத் தெஸ்பினா இரண்டு விரல்களால் பிடித்து நிறுத்தினாள். விரலிடுக்கில் அது ஒரு முறை துடித்துவிட்டு அடங்கியது. ஆனாலும் வீட்டுக்குள் எங்கோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணி," என்றாள் அக்லாயா. அண்ணன் செத்த செய்தி கேட்டு இத்தாலியிலிருந்து விமானம் பிடித்து வந்தவள், ஊர்ப் பழக்கம் ஒன்றுகூடத் தவறிவிடக் கூடாது என்று காலையிலிருந்தே அண்ணியின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். "கேக்குதா? டிக் டிக்னு."

பிணம் வீட்டில் இருக்கும்வரை கடிகாரம் ஓடக் கூடாது. கண்ணாடி துணியில்லாமல் இருக்கக் கூடாது. ரேடியோ, டிவி எதுவும் வாய் திறக்கக் கூடாது. பிரயிலா நகரத்தின் மற்ற வீடுகளில் இது ஒரு கப் காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. செத்துப்போன யோர்குவின் வீட்டில் காலை முழுவதும் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஜெர்மனியிலிருந்து வேனில் வந்து இறங்கும் பழைய சாமான்களுக்குள் கையை விட்டு, ஓடாதது, பேசாதது, சூடாகாதது எதுவோ அதையே தேடி எடுத்து வருவார். நன்றாக இருப்பதற்குக் கொடுக்கிற விலையில் கால்வாசிகூட இருக்காது. அப்படி வந்து உயிர் பிழைத்தவைதான் அந்த வீட்டில் இருந்த எல்லாமே. டேப் ரெக்கார்டருக்குள் ஒரு கடிகாரம், அடுப்பின் நெற்றியில் ஒரு கடிகாரம், காப்பி மெஷினின் வயிற்றில் ஒரு கடிகாரம். ஒவ்வொன்றையும் தேடி வாய் பொத்த வேண்டியிருந்தது.

"ஃப்ரிட்ஜ்?" என்றாள் அக்லாயா.

"அதுக்கு என்ன?"

"அதுவும் மெஷின்தானே. முனகுது பாருங்க."

"சாவு வீட்டுக்கு வர்ற அத்தனை பேருக்கும் வேண்டிய கோஸ் இலைச் சுருள் அதுக்குள்ளதான் இருக்கு. நிறுத்தினா உங்க அண்ணனே எந்திரிச்சு வந்து திட்டுவார்."

"திட்ட மாட்டான். அதுக்குள்ள தலையை விட்டு, ஏன் நின்னுச்சுன்னு பார்ப்பான்." அக்லாயா சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்குள் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது.

டிக் டிக் சத்தம் கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டிலிருந்து வந்தது. உள்பையில், கைக்குட்டையில் சுற்றி, வார் இல்லாத ஒரு கைக்கடிகாரம். கடைசியாகச் சந்தையிலிருந்து டிராமில் திரும்பும்போது யோர்கு போட்டிருந்த கோட்டு அது. தெஸ்பினா கடிகாரத்தின் குமிழை நகத்தால் இழுத்தாள். முள் நின்றது. அதற்குப் பிறகுதான் வீடு உண்மையாகவே அமைதியானது. இத்தனை வருடங்களில் அந்த வீட்டை அவள் இப்படிக் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே தன்யூப் நதியின் மூடுபனி நான்காம் மாடிவரை ஏறி வந்து நின்றிருந்தது. அதற்குள் எங்கோ ஒரு படகு, தண்ணீரிலா வானத்திலா என்று தெரியாத தூரத்தில், ஒரு முறை ஊதியது.

முன்னறையில் யோர்கு தன் வேலை மேசையின் மேலேயே படுத்திருந்தார். சவப்பெட்டி வைக்கும் நீளத்துக்கு வீட்டில் வேறு மேசை கிடையாது. அதன் மேலிருந்த ஆணிகளையும் ஈயச் சுருள்களையும் பிஸ்கட் டப்பாக்களில் வாரிப் போட்டு, கழுத்து வளையும் விளக்கை ஜன்னல் படிக்கு மாற்றி, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். துணிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் சூடான ஈயத்தின் வாசனை இருந்தது. மெழுகுவர்த்தி வாசனையை அது விலக்கிக்கொண்டு மேலே வந்தது.

அன்றைக்கே அவருக்கு உடை மாற்றி, மூக்குக் கண்ணாடியையும் சீப்பையும் பெட்டிக்குள் வைத்த பிறகு, தெஸ்பினா அவர் எப்போதும் மேல்பையில் செருகியிருக்கும் டெஸ்டரையும் செருகினாள்.

"இது எதுக்கு அண்ணி? சட்டையெல்லாம் தூக்கிட்டு நிக்குது."

"கண்ணாடி எதுக்கோ அதுக்குத்தான்."

மறுநாள் மத்தியானம் அக்லாயா கடைக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். மேலே பளபளவென்று ஒரு ரேடியோவின் படம். ஓரத்தில் கடையின் ஒட்டுத்தாள்.

"நாளைக்குப் பெட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி இதை அவன் பேர்ல தானம் கொடுக்கணும். பக்கத்து வீட்டு கிரிகோரேக்குக் கொடுத்துடலாம். அவர்தான் வயசு ஒத்த ஆள்."

தானமாக இங்கே ஒருவன் கையில் கொடுப்பது அங்கே இறந்தவன் கைக்குப் போய்ச் சேரும். கிண்ணம் கொடுத்தால் கிண்ணம், நாற்காலி கொடுத்தால் நாற்காலி. சட்டை கொடுத்தால் பொத்தான் உட்பட. இதில் தெஸ்பினாவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. இறந்த தன் அம்மாவின் பேரில் நல்ல கம்பளி ஒன்று கொடுத்த பிறகுதான், கனவில் வந்து குளிருகிறது என்று சொல்வதை அம்மா நிறுத்தினாள்.

"வீட்டுலதான் ஆறு ரேடியோ இருக்கே," என்றாள் தெஸ்பினா.

"எல்லாம் எவனோ வேண்டாம்னு தூக்கிப் போட்டது." அக்லாயா அட்டைப் பெட்டியை மடியில் வைத்துத் தடவினாள். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், புதுசா வாங்கி அனுப்புறேன் அண்ணான்னு. வேண்டாம், வேண்டாம்னே போயிட்டான். என் அண்ணன் ஒரு தடவையாவது பிரிக்காத பெட்டியைப் பிரிச்சுப் பார்த்திருக்கானா? அங்கேயாவது ஒரு புதுச் சாமான் வெச்சுக்கட்டும். ரெண்டு வருஷம் கேரண்டி இருக்கு அண்ணி. ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது. அந்தச் சொல் தெஸ்பினாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்தாள். யோர்கு அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே புது ரேடியோ பாடுகிறது. நன்றாகப் பாடுகிறது. நாளையும் பாடும். அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஞாயிற்றுக்கிழமை இருக்குமோ என்னவோ. சந்தை இருக்குமோ என்னவோ.

வேலையில்லாமல் உட்கார்ந்த யோர்குவை அவள் கடற்கரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். புதுச் சாமான் வாங்காமல் மிச்சம் பிடித்ததெல்லாம் ஆகஸ்டில் கடலாக மாறும். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தக் காசுக்கு வேறு கேள்வி கிடையாது. மணலில் துண்டை விரித்து அவள் படுத்ததும், "இப்ப நீ எது மேல படுத்திருக்கே தெரியுமா? சலவை மெஷின் மேல," என்பார். "அதோ அலை வருது பாரு, அது பழைய டிவி. நாளைக்கு மீன் சாப்பிடப் போறோமே, அது நம்ம இஸ்திரிப் பெட்டி." அவள் கண்ணை மூடிக்கொண்டு சலவை மெஷினின் மேல் மிதப்பாள். இரண்டு நாள் அப்படி இருப்பார். மூன்றாம் நாள் காலையில் விடுதி வரவேற்பறையில் நின்று, "இங்க ஏதாவது ரிப்பேரா கெடக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

தெஸ்பினா எழுந்தாள். உடைந்த சாமான் ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று போதும். புது ரேடியோவோடு சேர்த்து அதையும் கிரிகோரே கையில் கொடுத்துவிட்டால் அக்லாயாவுக்கும் குறை இருக்காது.

அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். முடி உலர்த்தி, மாவு அடிக்கிற கருவி, மூன்று இஸ்திரிப் பெட்டிகள், தையல் மெஷினின் மோட்டார். எல்லாம் ஓடுகிறவை. பால்கனி தட்டில் இருந்த டேப் ரெக்கார்டர்கள் அடுத்த வாரம் சந்தைக்குத் திரும்பிப் போகக் காத்திருந்தவை, எல்லாம் பாடுகிறவை. குளிர்காலம் முழுக்க ஒரு வெறியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார். பாதியில் விட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நன்றாக இருக்கிற சாமானைக் கேட்டு அவரோடு சண்டை போட்டவள், இன்று கெட்டுப்போன ஒன்றுக்காகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள்.

"என்ன தேடுறீங்க தெஸ்பினாம்மா?"

கிரிகோரே வந்திருந்தார். அடுத்த வீடு, ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யோர்குவோடு சந்தைக்குப் போய், எதுவும் வாங்காமல், வாங்குகிறவரைக் கேலி செய்துவிட்டு வருவது அவர் வழக்கம். பல்பு மாட்டக்கூட யோர்குவைக் கூப்பிடுகிற கை.

"கிரிகோரே அண்ணே, அன்னைக்குச் சந்தையில அவர் ஏதாவது வாங்கினாரா?"

கிரிகோரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வாங்கினான். துணிப்பையில போட்டு மடியில வெச்சிருந்தான். என்னன்னு நான் பார்க்கலை. ஒயர் சுத்தியிருந்துச்சு. 'இது போய் போய் வருதுடா கிரிகோரே, ஏன்னு விக்கிறவனுக்கே தெரியலை'ன்னு சந்தோஷமா சொன்னான். 'உன் மூளை மாதிரியா'ன்னு கேட்டேன். பதில் வரலை. திரும்பிப் பார்த்தா தலை சாஞ்சிருக்கு."

"பை?"

"டிராமை நிறுத்தி அவனை இறக்கினோம். அவனைப் பிடிக்கிறதா, பையைப் பிடிக்கிறதா. டிராம் போயிடுச்சு." தொப்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "டிப்போவுல போய்க் கேட்டேன். யாரும் கொடுக்கலையாம்."

அப்படியானால் அந்தப் பை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று தெஸ்பினாவுக்குத் தோன்றியது. சந்தைக்கும் ஆற்றுத் துறைக்கும் நடுவே, மூடுபனிக்குள், யாரும் உட்காராத ஓர் இருக்கையில் முன்னும் பின்னுமாக. ஒரு வளைவில் பேசுகிறது. அடுத்த வளைவில் பேச்சு நின்றுவிடுகிறது.

சாயங்காலம் அக்லாயா சர்க்கரை தூவிய கோதுமைப் படையல் தட்டை எடுத்துக்கொண்டு, பாதிரியாரைக் கூட்டி வர மற்றப் பெண்களோடு கோயிலுக்குப் போனாள். முந்தின இரவு முழுக்கப் பெட்டிக்குக் காவல் இருந்த கிரிகோரே மூலை நாற்காலியில் தலை தொங்கத் தூங்கினார். தெஸ்பினா அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து, மேசையின் ஓரத்தில், யோர்குவின் காலடியில் மிச்சமிருந்த இடத்தில் வைத்தாள்.

ஒட்டுத்தாளைக் கிழிக்காமல் எடுக்க, கத்தியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி அடியில் நுழைத்தாள். அது முனகாமல் கழன்றது. ரேடியோ கைக்கு அடக்கமாக இருந்தது. புதுப் பிளாஸ்டிக் வாசனை. இந்த வீட்டுக்குள் வராத வாசனை. பின்பக்கம் நான்கு சிறிய திருகாணிகள்.

அவருடைய மேல்பைக்குக் கையைக் கொண்டுபோனாள். "கொஞ்ச நேரம்தான்," என்றாள். டெஸ்டர் குளிர்ந்து கிடந்தது. அவருக்கு எப்போதும் அது சூடாகத்தான் இருக்கும்.

வெளிச்சம் போதவில்லை. விளக்கைப் போடலாம், ஆனால் விளக்குக்கு நேர் எதிரே எதிர்ப்பக்கத்துக் குடியிருப்பின் ஜன்னல்கள். தலைமாட்டு மெழுகுவர்த்தியைத் தண்டோடு எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். நிழல் தவறான பக்கம் விழுந்தது. இத்தனை வருடம் டார்ச் பிடித்துக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றவள் அவள்தான். "கொஞ்சம் இடது பக்கம்டி. இன்னும். ம், அப்படியே இரு." கை கடுக்க அப்படியே இருப்பாள். இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள், பிடிக்கத்தான் ஆளில்லை. மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினாள்.

உள்ளே எல்லாம் சின்னதாக, சுத்தமாக இருந்தது. உடைப்பது சுலபம் என்று நினைத்திருந்தாள். திறந்த பிறகுதான் பயம் வந்தது. எதைக் கெடுப்பது? சும்மா ஓர் ஒயரை அறுத்துவிட்டால், "இதுக்கு ஒரு ரிப்பேரா?" என்று ஒரே மூச்சில் பற்றவைத்துவிடுவார். பிறகு மறுபடி முழங்காலில் கை. ஒரேயடியாகச் சிதைத்தாலோ அது அவருக்கு அவமானம். "சுத்தமா செத்ததை எவனும் சரி பண்ணுவான், இல்லேன்னா தூக்கிப் போடுவான்," என்பார். "இருக்கா இல்லையான்னு ஏய்க்குது பாரு, அதுக்குப் பின்னால அலையறதுதான் சுகம்." அப்படி ஒன்று கிடைத்த வாரங்களில் சீட்டியடித்துக்கொண்டே திரிவார். சூப்பில் உப்பில்லை என்றால்கூடத் தெரியாது.

ஒலிபெருக்கிக்குப் போகிற சிவப்பு ஒயரை அவளுக்குத் தெரியும். அதை எத்தனையோ ரேடியோக்களில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். ஒயரின் தோலுக்குள் தலைமுடி போல மெல்லிய செப்பு இழைகள். ஒரு முறை அவர் அவள் தலையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்துக் காட்டினார்: "பாரு, எல்லாம் போயிடுச்சு, ஒரே ஒரு இழை பிடிச்சுக்கிட்டிருக்கு. அதுதான் இந்த ஆட்டம் ஆடுது."

நகக் கத்தரியின் நுனியால் தெஸ்பினா இழைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினாள். கடைசி இழை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு கணம் பொன்னாக மின்னியது. அதை விட்டுவிட்டாள். வெட்டின இடத்தை உள்ளே தள்ளி, கண்ணுக்குத் தெரியாதபடி மடித்தாள். அது பேசுகிறதா, நின்று நின்று வருகிறதா என்று போட்டுப் பார்க்க முடியாது. வீட்டில் எதுவும் வாய் திறக்கக் கூடாது. கெட்டுப்போன தானம் கொடுப்பது பாவம் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பாவத்தையும் உள்ளே வைத்து நான்கு திருகாணிகளையும் முடுக்கினாள்.

மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"தூங்குங்க அண்ணே," என்றாள், திரும்பாமல்.

"தூங்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் கிரிகோரே.

ரேடியோவை அட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டுத்தாளைப் பழையபடி ஒட்டினாள். டெஸ்டரைத் துடைத்து யோர்குவின் பையில் செருகினாள். அவள் கைச்சூடு அதில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

மறுநாள் பெட்டியைத் தூக்குவதற்கு முன், அட்டைப் பெட்டியின் மேல் கைக்குட்டையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டி, அக்லாயாவும் தெஸ்பினாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். யோர்குவின் மார்புக்கு மேலாக அதை எதிர்ப்பக்கம் நின்ற கிரிகோரேயிடம் நீட்டினார்கள்.

"யோர்குவின் ஆத்மாவுக்கு," என்றாள் அக்லாயா. பிறகு குனிந்து, அண்ணனின் காதுக்கு மட்டும் என்பதுபோல, "ஒட்டினதுகூடப் பிரிக்கலை அண்ணா. நீதான் முதல்ல பிரிக்கிற," என்றாள்.

தெஸ்பினாவின் விரல்கள் அட்டையின் மேல் இறுகின. கிரிகோரே இழுத்தும் ஒரு கணம் அது வரவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கொடுங்க தெஸ்பினாம்மா," என்றார் மெதுவாக. "அவனுக்குப் போய்ச் சேர வேண்டாமா?"

அவள் விட்டாள்.

"கடவுள் மன்னிக்கட்டும்," என்று வாங்கிக்கொண்டார் கிரிகோரே. தானம் வாங்குகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான் அது. ஆனால் அவர் அதைச் சவப்பெட்டியைப் பார்த்துச் சொன்னாரா, அவளைப் பார்த்துச் சொன்னாரா என்று தெஸ்பினாவுக்குக் கல்லறைவரை நடந்து போகும்போதும் புலப்படவில்லை.

மண் மூடியாயிற்று. கோஸ் இலைச் சுருளும் பிளம் சாராயமும் தீர்ந்தன. கண்ணாடிகளின் துணி அவிழ்ந்தது. அக்லாயா இத்தாலிக்குத் திரும்பும் நாளில் வாசலில் நின்று, "அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் முனகுது அண்ணி, புதுசு ஒண்ணு அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் கிரிகோரே கதவைத் தட்டினார். உள்ளே வராமல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"உங்க ரேடியோ ஒரு மாதிரிப் பண்ணுது."

தெஸ்பினாவின் கை ஏப்ரனில் துடைத்தபடியே நின்றது. "எப்படி?"

"நல்லாப் பேசிட்டே இருக்கும். நடுவுல நின்னுடும். தட்டினா வராது, திட்டினா வராது. தானா வந்தாத்தான் உண்டு. நேத்து ஃபுட்பால்ல நம்ம பையன் கோலுக்கு முன்னாடி பந்தோட நிக்கிறான்னு சொல்லிட்டு நின்னுச்சு. கோலா இல்லையான்னு இன்னைக்குக் காலையில ரொட்டிக் கடையில கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"கேரண்டி கார்டு இருக்கே," என்றாள் தெஸ்பினா. "கடைக்கு எடுத்துட்டுப் போகப் போறீங்களா?"

"அந்தக் கார்டா? அதுலதான் அடுப்பு பத்தவெச்சேன்."

"ஏன் அண்ணே?"

கிரிகோரே தொப்பியைத் தலையில் வைத்துச் சரி செய்தார். "அன்னைக்கு அந்த நாற்காலியில எனக்குச் சரியாத் தூக்கம் வரலை," என்றார். பிறகு, "கோல்தான். உள்ளே போயிடுச்சாம்," என்று சொல்லிவிட்டுத் தன் கதவுக்குள் போனார்.

முன்னறையில் வேலை மேசை பழையபடி வெறுமையாக நின்றது. தெஸ்பினா பிஸ்கட் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து அதன் மேல் வைத்தாள். ஜன்னல் படியிலிருந்து விளக்கைக் கொண்டுவந்து அது இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். வெளியே மூடுபனி இன்னும் விலகவில்லை. மத்தியானமா சாயங்காலமா என்று சொல்ல முடியாத வெளிச்சம்.

சுவருக்கு அப்பால் ரேடியோ பேச ஆரம்பித்தது. தன்யூப் நதியின் நீர்மட்டம். துறை துறையாக, மேலிருந்து கீழாக, அவசரமில்லாத ஒரு குரல் வாசித்துக்கொண்டு வந்தது. ஜுர்ஜு, ஏறுகிறது. ஒல்தெனித்சா, ஏறுகிறது. செர்னவோதா, மாற்றமில்லை. ஹர்ஷோவா...

குரல் நின்றது.

அடுத்தது பிரயிலாதான். தெஸ்பினா டப்பாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். சுவருக்கு அப்பால் கிரிகோரே தட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அவரும் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். மேசை விளக்கைப் போட்டாள். அதன் கழுத்தைப் பிடித்து வளைத்து, கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.